ஒரே காலையில் இரண்டு விசாரணை

ஓர் ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஆனாலும் ஐம்பதுகளின் நடுவில், நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தபோது, ஒரு மனிதரை ஒரே காலையில் பதுளையில் இரண்டு இடத்தில் நிறுத்தி வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிந்ததும் என்னை நானே அறையலாம் போலவும் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கலியாணம் ஆகவில்லை. சீட்டு, கள்ளு, சினிமா என்று எந்தப் பழக்கமும் இல்லை. எனக்கு இருந்த ஒரே பைத்தியம் கோடு. நீதிமன்றத்தை நாங்கள் கோடு என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், பசறைக்கு இறங்கி பஸ் பிடித்துப் பதுளைக்குப் போய், கோட்டின் கடைசி வாங்குப் பலகையில் இடம் பிடித்துவிடுவேன். டிக்கட் கிடையாது. அழுகை, சண்டை, பொய் சத்தியம் எல்லாம் உண்டு. நடுவில் எவரும் பாட்டுப் பாடித் தொந்தரவு செய்வதும் இல்லை.

பார்த்து வந்ததைச் சும்மா வைத்திருக்க முடியுமா? சாயங்காலம், தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்குப் போய் எல்லாருக்கும் சொல்வேன். எந்த வழக்கு எந்தக் கோட்டுக்குப் போகும் என்பதைத் தோட்டத்துக் கணக்கில் விளக்குவேன். கிராமக் கோடு நம்ம கங்காணி மாதிரி. மாடு வயலில் மேய்ந்தது, வாய்ச்சண்டை, சின்னக் கைகலப்பு, எல்லாம் அங்கே. அடிதடி, திருட்டு, கசிப்பு என்கிற கள்ளச்சாராயம், பெண்டாட்டிக்குச் சோறு போடாதவன், இதெல்லாம் மஜிஸ்ட்ரேட் கோடு, அவர் கணக்கப்பிள்ளை. காணி, உயில், விவாகரத்து என்றால் டிஸ்ட்ரிக் கோடு. அவர் சின்னத் துரை. கொலை நடந்தால் சுப்ரீம் கோடு, ஜூரிமார்களோடு வந்து உட்கார்ந்து கேட்கும். கீழே சொன்ன தீர்ப்பு பிடிக்காதவனும் அங்கேதான் போக வேண்டும். அது பெரிய துரை.

“அவருக்கும் மேல ஆளு உண்டுங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“உண்டு. சீமையிலே, லண்டன்லே.”

“தோட்டத்துக் கம்பெனிக்காரங்களும் அங்கதான இருக்காங்க? அப்ப எல்லாம் ஒரே லயம்னு சொல்லுங்க.”

இப்படிச் சொல்லிச் சொல்லியே எனக்குக் கோட்டு வாத்தியார் என்று பேர் விழுந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வரவில்லை என்று ஒரு பெற்றோரும் என்னைத் தேடி வந்ததில்லை. கோழி காணாமல் போனால் வருவார்கள். எனக்கும் அதில் தலை கால் புரியாத சந்தோஷம்.

என் குவாட்டர்ஸுக்குக் கீழே இருந்த லயத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் அடுத்தடுத்த காம்பரா அறையில் இருந்தார்கள். இரண்டு பேரும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள். மூத்தவர் உயரம், முன் மண்டையில் முடி கிடையாது, நாலு பிள்ளைகளின் தகப்பன், வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர ஒன்றும் வராது. அது அவர் குணத்தின் பெருமை என்பதைவிட, பொய் சொல்ல அவருக்குத் தெரியாது என்பதுதான் சரி. இளையவர் குள்ளம், சுருட்டை முடி, தனிக்கட்டை. அண்ணன்தான் அவருக்கு எல்லாம்.

இந்த மூத்தவருடைய பெண்சாதி கவ்வாத்து மலையிலிருந்து மிளாறு விறகு கட்டித் தூக்கி வந்தபோது, தோட்டத்துக் காவல்காரர் கட்டு பெரிதாக இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். மூத்தவர் வந்து கட்டை இழுத்தார். காவல்காரரும் இழுத்தார். கடைசியில் மூத்தவர் ஒரு தள்ளுத் தள்ள, காவல்காரர் தண்ணீர்க் கானுக்குள் போய் விழுந்தார். எழுந்தபோது அவருடைய முன்பல் ஒன்றைக் காணோம். மனிதர் கானுக்குள் இறங்கித் துழாவி, அந்தப் பல்லைக் கண்டுபிடித்து, ஒரு தேயிலைப் பையின் தாளில் மடித்துக்கொண்டு நேரே பொலிசுக்குப் போனார்.

லயத்தில் அன்றைக்கு என்னை விட்டால் ஆளில்லை. வெறும் தள்ளு என்றால் கிராமக் கோட்டோடு போய்விடும், பல் விழுந்திருக்கிறதே, பல் விழுந்தால் சட்டத்தில் அது பெரிய காயம் என்று நான் சொன்னதும் மூத்தவரின் பெண்சாதி ஓவென்று அழத் தொடங்கினார். நல்ல வேளையாக ஆஸ்பத்திரி டாக்டர், அந்தப் பல் வெகு நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது, யாரும் தள்ளாமலே சீக்கிரம் போயிருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். காயம் சின்னதாயிற்று. ஆனாலும் பொலிஸ் வழக்கைப் பதுளை மஜிஸ்ட்ரேட் கோட்டிலேயே போட்டது.

வழக்குத்தான் அங்கே போனது, சண்டை இங்கேயே முடிந்துவிட்டது. தோட்டத்துச் சங்கத் தலைவர் முன்னால் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, இரண்டு பேரும் திருநீறு பூசி, ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். காவல்காரர் சாப்பிட்டுக்கொண்டே, “கோட்டுல சமாதானம்னு சொல்லிடுறேன் அண்ணே, கவலப்படாதீங்க” என்றார். பல் போன இடத்தில் காற்று வந்து அவர் பேச்சு விசில் அடித்தது. எவரும் சிரிக்கவில்லை என்பதிலிருந்தே சமாதானம் எவ்வளவு உறுதி என்று தெரிந்துகொள்ளலாம்.

கோட்டுச் சம்மன் கையில் இருக்கையில்தான் இரண்டாவது கடுதாசி வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, தோட்டத்துச் சனங்கள் கடல் தாண்டி வந்த வம்சம், இந்த நாட்டுக்காரர் இல்லை என்று ஆகிவிட்டது. இங்கேயே பிறந்தவர்களும் மனுப் போட்டு, இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தோம் என்று விசாரணையில் காட்டினால்தான் பிரஜாவுரிமை. மூத்தவர் மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அவருக்குக் கிடைத்தால் பெண்சாதி பிள்ளைகளுக்கும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அந்த நாலு பிள்ளைகளும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளைகள். அந்த விசாரணைக்குப் பதுளைக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, வரும்படி எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். கோட்டுச் சம்மனை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நாள், ஒரே காலை நேரம்.

“கோட்டுல பேரு கூப்புடுறப்போ இல்லேன்னா?” என்றார் மூத்தவர்.

“பிடியாணை போட்டு பொலிஸ் வந்து கூட்டிக்கிட்டுப் போகும்.”

“கச்சேரியில இல்லேன்னா?”

“மனுவைக் கட்டி மூலையிலே போட்டுருவாங்க.”

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது இளையவர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிற தோரணையில் சொன்னார். “கோட்டுக்கு நான் போறேன். பெரட்டுல போறதில்லையா?”

பெரட்டு என்பது விடிகாலையில் தோட்டத்தில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடம். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பி அண்ணன் பேருக்கு “இருக்கேன்” என்று சொல்லி, அண்ணனுடைய நிரையில் நின்று கவ்வாத்து வெட்டி, அண்ணனுக்கு அன்றைய கூலிக்குப் பேர் விழப் பண்ணுவார். நாலு பிள்ளைகள் உள்ளவருக்குப் பேர் குறைந்தால் அரிசி குறையும், தனிக்கட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. கணக்கப்பிள்ளைக்கும் இது தெரியும். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் அந்தத் தலையில் முடி இருக்கிறதா இல்லையா என்று அவர் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் படித்தவன் ஒருவன் குறுக்கே விழுந்து, “ஐயையோ, கூடாது” என்று சொல்லியிருக்க வேண்டும். படித்தவன் நான்தான். நான் என்ன செய்தேன்? எந்த ஆளை எந்த இடத்துக்கு அனுப்புவது என்று தீர்ப்புச் சொன்னேன். கச்சேரியில் பிறந்தது, வளர்ந்தது, பிள்ளைகளின் வயது என்று நூறு கேள்வி கேட்பார்கள், அங்கே மூத்தவரேதான் போக வேண்டும். கோட்டில் சமாதானம் என்று ஒரு வார்த்தை, அதற்கு யார் நின்றால் என்ன? எந்தக் கோடு எதைக் கேட்கும் என்பது எனக்குத் தலைகீழாகத் தெரியும். கோட்டில் எதைச் செய்யக் கூடாது என்பது மட்டும் தெரியாமல் போனது.

அன்றைக்கு முதல் பஸ்ஸில் போனோம். இளையவர் அண்ணனுடைய கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தார். அண்ணனாக நிற்கப் போகிறவர் அண்ணனுடைய உடுப்பில் நிற்பதுதான் நியாயம் என்பது அவர் கருத்து. கை விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. பதுளையில் இறங்கி மூத்தவர் கச்சேரிப் பக்கம் போனார், நாங்கள் கோட்டுக்குப் போனோம்.

பியூன் வாசலில் நின்று மூத்தவரின் பேரைக் கூப்பிட்டான், மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். முதல் கூப்பாட்டுக்கே இளையவர், பெரட்டில் போலவே, “இருக்கேங்க!” என்று ஒரு குரல் கொடுத்தார். மஜிஸ்ட்ரேட் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்து பார்த்தார். சாட்சிக்கு வந்திருந்த காவல்காரரோ கூண்டில் ஏறிய ஆளைப் பார்த்து வாயைப் பிளந்தார். பிறகு கடைசி வாங்கில் இருந்த என்னைப் பார்த்தார். நான் மெல்லத் தலையை ஆட்டினேன்.

கோட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் யாழ்ப்பாணத்துக்காரர். “உம்மை அடிச்ச எதிரி இவர்தானோ? நல்லாப் பாத்துச் சொல்லும்” என்று காவல்காரரைக் கேட்டார்.

காவல்காரர் சத்தியத்துக்குப் பயந்தவர். இளையவரை மேலும் கீழும் பார்த்தார். வியர்த்தது. கடைசியில், “அடிச்சது இவங்க வீடுதாங்க. இப்ப எல்லாரும் சமாதானங்க” என்று விசிலடித்தார். முதலியார் அதை எப்படி இங்கிலீசில் மாற்றினாரோ, மஜிஸ்ட்ரேட் தலையசைத்து, எதிரிக்கு நாலு புத்திமதி சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார். இளையவர் அண்ணனுக்காகப் புத்திமதி முழுவதையும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

மூத்தவரும் கச்சேரியிலிருந்து சிரித்த முகத்தோடு வந்தார். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாராம். ஆபீசர் நல்ல மனுஷராம்.

“உங்க பேருல வழக்கு ஏதும் இருக்கான்னு கேட்டாரு. ஒண்ணு இருக்குங்க, இன்னிக்குத்தான் கோட்டுல நடக்குது, இந்நேரம் முடிஞ்சிருக்கும்னு சொன்னேன்.”

“அதுக்கு அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. எழுதிக்கிட்டாரு.”

எதற்கு எழுதினார் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் முத்துமாரியம்மன் கோயில் பக்கத்துக் கடையில் ரொட்டியும் சம்பலும் வந்ததும் அது மறந்துபோயிற்று. அன்று சாயங்காலம் லயத்தில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சுப்ரீம் கோட்டு நீதிபதியும் பார்த்திருக்க மாட்டார்.

சில மாதம் கழித்துப் பழுப்பு உறையில் கடுதாசி வந்தது. இங்கிலீசில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தார்கள். வாசித்தேன். நம்ப முடியாமல் இரண்டாம் முறை வாசித்தேன். விஷயம் இதுதான்: மனுதாரர் சொன்ன வழக்கின் பதிவைக் கோட்டிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். அந்த நாள், அந்த நேரத்தில் மனுதாரர் கோட்டில் நேரில் நின்றார் என்று அதில் பதிவாகியிருக்கிறது. ஆகவே அதே நேரத்தில் கச்சேரிக்கு வந்து மனுதாரர் என்று சொல்லிக்கொண்டவர் வேறு யாரோ. மனுவை ஏன் தள்ளக் கூடாது என்று இத்தனை நாளுக்குள் காரணம் காட்ட வேண்டும்.

தமிழில் சொன்னேன். மூத்தவருக்கு முதலில் விளங்கவில்லை.

“நான்தானுங்களே போனேன்?”

“நீங்கதான் போனீங்க அண்ணே. ஆனா நீங்க இல்லேங்கிறாங்க.”

“கோட்டுல நின்னது?”

“அதுதான் நீங்களாம்.”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். உண்மையாகவே சிரித்துவிட்டேன், இதை எழுதவே கூசுகிறது. பிறகு அவருடைய கடைசிப் பிள்ளை அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

அடுத்த லீவுக்குக் காத்திருக்காமல் ஒரு புரக்டரிடம், வக்கீலிடம்தான், போனேன். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். நான் சொல்லச் சொல்ல அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணில் நீர்.

“மாஸ்டர், ஒரு தவணை கேட்டிருக்கலாமே?”

“தவணையா?”

“கச்சேரிக் கடிதத்தைக் காட்டி, வேறை ஒரு நாள் தாங்கோ எண்டு கேட்டால், ஒரு நிமிசத்திலை குடுத்திருப்பினம். ஒவ்வொரு நாளும் அங்கை அதுதானே நடக்குது. நீர் பின் வாங்கிலை இருந்து வேறை என்னத்தைப் பாத்தனீர்?”

நான் பார்த்தது அழுகையும் சண்டையும். தவணை கேட்கிற நேரத்தில் வெளியே போய் வடை தின்றிருப்பேன்.

வழி ஒன்றே ஒன்றுதான் என்றார் அவர். கோட்டில் நின்றது தம்பி என்று கோட்டிலேயே போய் ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவைத் திருத்தினால் கச்சேரியில் நின்றவர் அண்ணன் என்று ஆகும். ஆனால் ஆள்மாறாட்டம் சின்னக் குற்றமில்லை, தம்பி மறியலுக்கு, சிறைக்குத்தான், போக நேரலாம்.

லயத்துக்கு வந்து இதைச் சொன்னபோது மூத்தவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “வேணாம். தம்பிய உள்ள வச்சிட்டு அந்தப் பேப்பர எந்தச் சுவத்துல மாட்டுறது?” அவர் பெண்சாதியும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நாலு பிள்ளைகளைப் பெற்றவர் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

இளையவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பெரட்டுக்குப் போகாமல், தன் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாக பஸ் ஏறிவிட்டார். விஷயம் தெரிந்து நான் பள்ளிக்கூடத்தைக் கணக்கப்பிள்ளை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஓடினேன். புரக்டரையும் இழுத்துக்கொண்டு நான் உள்ளே நுழைந்தபோது இளையவர் கூண்டில் ஏறிவிட்டிருந்தார்.

“அண்டைக்கு ஏன் பொய் சொன்னனீர்?” என்று முதலியார் கேட்டார்.

“பொய் சொல்லலீங்க. பேரு கூப்பிட்டாங்க, இருக்கேன்னேன். பெரட்டுல அப்படித்தாங்க. அண்ணன் பேரு விழாம போயிறக் கூடாதுல்ல.”

பெரட்டு என்றால் என்ன என்று மஜிஸ்ட்ரேட் கேட்க, முதலியார் விளக்க, நடுவில் புரக்டர் எழுந்து மிச்சத்தைச் சொல்ல, நான் கடைசி வாங்கிலிருந்து எழுந்து, “யோசனை சொன்னது நான்தான்” என்று இங்கிலீசில் கத்தினேன். “நீர் யார்?” என்றார் மஜிஸ்ட்ரேட். வாத்தியார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், மறியல் எவ்வளவோ மேல் என்று தோன்றியது. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

இதற்கு எத்தனை வருஷம் போடலாம் தெரியுமா என்று இளையவரை வெகு நேரம் மிரட்டிவிட்டு, கோடு கலையும்வரை காவலில் இருக்க வேண்டும் என்று தண்டனை சொன்னார். அப்படி ஒரு தண்டனை உண்டு. ஒரு மூலையில் வாங்கில் உட்கார வைப்பார்கள், சாயங்காலம் கோடு முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். இளையவர் கை கட்டி, முதுகு நிமிர்ந்து, கொட்டாவிகூட விடாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கசிப்பு வழக்கும் ஒரு சைக்கிள் திருட்டும் கேட்டார். பஸ்ஸில் வரும்போது, சைக்கிள்காரன் சொன்னது பொய் என்று எனக்கே விளக்கினார். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். தப்பித்தோம் என்றே நினைத்தோம்.

பழைய வழக்கு மறுபடி வந்தது. காவல்காரர் இந்த முறை சரியான ஆளைப் பார்த்து நிம்மதியாகச் சமாதானம் சொன்னார். திருத்திய பதிவு கச்சேரிக்குப் போனது. மறு வருஷம் மூத்தவருக்கும் பெண்சாதி பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை வந்தது. அன்றைக்கு லயத்தில் பாயசம் வைத்தார்கள். எனக்கு முதல் டம்ளர்.

இளையவர் தனக்கென்று தனியாகப் போட்டிருந்த மனு அதற்குப் பிறகுதான் விசாரணைக்கு வந்தது. அண்ணன் பிறந்த அதே லயத்தில், அதே காம்பராவில் பிறந்தவர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கோட்டில் தண்டனை பெற்றதுண்டா என்று கேட்டபோது, உண்டு என்றார். முடிவு வந்தபோது நான்தான் வாசித்தேன். மனு தள்ளுபடி. காரணம் என்று மூன்று எழுதியிருந்தது. முதல் இரண்டும் எல்லாருக்கும் எழுதுகிற காரணங்கள். மூன்றாவது, நீதிமன்றத்தில் ஆள்மாறாட்டம் செய்து தண்டனை பெற்றவர் என்பது.

வாசித்து முடித்து அவர் முகத்தைப் பார்க்காமல், “இதுக்கு மேலே சுப்ரீம் கோட்டுக்குப் போகலாம் அண்ணே. மூணு மாசம் டயம் இருக்கு” என்று அவசர அவசரமாகச் சொன்னேன். புரக்டரைப் பார்ப்போம் என்றேன். என்னால்தான் வந்தது என்றேன்.

அவர் அந்தத் தாளை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“வாத்தியாரே, அன்னிக்கு என்னைக் கோட்டுல உக்கார வச்சாங்களே. தண்டன குடுக்குறப்போ, நீ எந்த நாட்டு ஆளுன்னு ஒருத்தரும் கேக்கலியே?”

கோபமாகக் கேட்கவில்லை. கோழி காணாமல் போனதற்கு எங்கே போவது என்று கேட்பதுபோல, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.